நீல பம்பா, பழுப்பு பம்பா, ஊசியா? ஆஸ்துமா மருந்துகளும் அவை தொடும் செல்களும்

போன மாதம் ஒரு அண்ணன் கவுண்டரில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார். காலியான நீல பம்புகள் ஒன்பது உருண்டு வந்தன. "ஆறு மாசக் கணக்கு, தங்கச்சி. டாக்டர் இனிமேல் பழுப்பு பம்ப் தினமும் அடி என்கிறார். மகள் இன்டர்நெட்டில் படித்துவிட்டு ஊசிதான் நல்லது என்கிறாள். மகன் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவுக்கே வந்துவிடுங்கள், அங்கே காய்ந்த காற்று, எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். நான் யார் பேச்சைக் கேட்பது?"

தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வர்த்தில் கெமிஸ்ட் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் எனக்கு இந்தக் கேள்வி வாரம் இரண்டு முறையாவது வந்துவிடும். இன்ஹேலரை இங்கே எல்லோரும் பம்ப் என்றுதான் சொல்வோம், நானும் அப்படியே எழுதுகிறேன். நீலம் இளைப்பு வந்ததும் தசையைத் தளர்த்த, பழுப்பு உள்ளே எரிவதைத் தினமும் அடக்க. அண்ணன் கவிழ்த்த பையை முதலில் கணக்குப் பார்ப்போம். ஒரு பம்பில் 200 பஃப். ஒன்பது பம்ப் என்றால் 1800. ஆறு மாதத்தில் அது நாளுக்குப் பத்து பஃப். இவ்வளவு அடித்தும் இரவில் இரண்டு மணிக்கு நெஞ்சு இறுக்கி எழுந்து உட்காருகிறார். ஏன் என்பதற்கான பதில் மூச்சுக்குழாய்ச் சுவருக்குள் இருக்கும் செல்களிடம் இருக்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

விலையை வைத்து ஒப்பிட்டால் நீல பம்ப் எப்போதும் ஜெயிக்கும். எவ்வளவு நவீனம் என்று பார்த்தால் ஊசி ஜெயிக்கும். இரண்டுமே தப்பான அளவுகோல். நான் நான்கு கேள்வி கேட்பேன். இந்த மருந்து எந்தச் செல்லை எட்டுகிறது? எவ்வளவு நேரத்தில் எட்டுகிறது? பில்லில் வராத செலவு என்ன? எப்படிப்பட்ட ஆளுக்கு இது பொருந்தும்? முதல் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற மூன்றும் பாதி தெரிந்த மாதிரி. அதனால் அதற்குக் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

## சுவருக்குள் இருக்கும் கூட்டம்

டர்பன் கடற்கரை ஊர், காற்றில் எப்போதும் ஈரம். தூசிப் பூச்சிக்கு இது சொர்க்கம். அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தைத்தான் உறிஞ்சிக்கொள்கிறது. மெத்தையிலும் தலையணையிலும் நம் தோல் செதிலைத் தின்று வாழும். நமக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் அதன் எச்சம்.

அந்த எச்சம் மூச்சுக்குழாயில் படிந்ததும் முதலில் சத்தம் போடுவது உள்தோல் செல்கள். டிஎஸ்எல்பி, இன்டர்லூக்கின்-33 என்று சில எச்சரிக்கைப் பொருள்களை வெளியே விடும். பக்கத்தில் காத்திருக்கும் டென்ட்ரிட்டிக் செல் எச்சத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய், நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்லிடம் காட்டும். ஒவ்வாமை உள்ள உடம்பில் அந்த டி செல், டிஎச்2 என்ற வகையாக மாறுகிறது. அது பி செல்லை உசுப்பி ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் செய்ய வைக்கிறது. ஐஜிஇ போய் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொள்ளும். இவ்வளவும் நடந்து முடியும்வரை ஒரு தும்மல்கூட வராது.

அடுத்த முறை அதே எச்சம் வந்தால்தான் வேடிக்கை. மாஸ்ட் செல்லுக்கு 1878இல் அந்தப் பெயரை வைத்தவர் பால் எர்லிக். உள்ளே குருணை குருணையாக நிரம்பி இருப்பதைப் பார்த்து, நன்றாகத் தின்று கொழுத்த செல் என்று நினைத்து, கொழுக்கத் தீனி போடுவதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லை வைத்தார். அந்தக் குருணைகள் உணவல்ல, ஹிஸ்டமின் உள்ளிட்ட வெடிமருந்து. மேலே இருக்கும் ஐஜிஇயில் எச்சம் மாட்டிய சில நிமிடங்களில் அத்தனையும் வெளியே கொட்டும், கூடவே தசையை இறுக்கும் லூக்கோட்ரையீன்களும் உருவாகும். தசை இறுகி இளைப்பு வரும். ஓரிரு மணி நேரத்தில் தானாகவே தணியவும் செய்யும்.

ஆட்டம் அங்கே முடிவதில்லை. காவடிக்கு மஞ்சள் துணி எடுக்க ஒரு சாயங்காலம் பழைய டிரங்குப் பெட்டியைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாலு தும்மல், கொஞ்சம் வீசிங், இரண்டு பஃப் நீல பம்ப், சரியாகிவிட்டது. சாப்பிட்டுப் படுத்தாயிற்று. நடு இரவில் நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை வைத்த மாதிரி எழுந்து உட்காருகிறீர்கள். பெட்டியை மூடி ஆறு மணி நேரம் ஆகிவிட்டதே, இப்போது எதற்கு? இது இரண்டாம் அலை. டிஎச்2 செல்கள் விடும் இன்டர்லூக்கின்-5 என்ற சமிக்ஞை, ரத்தத்தில் இருந்து ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களை வரவழைக்கும். அவை சுமந்து வரும் புரதங்கள் குடற்புழுவைக் கொல்லும் தரத்தில் உள்ளவை. புழு இல்லாத இடத்தில் அவை நம் மூச்சுக்குழாயின் உள்தோலையே உரித்துவிடுகின்றன. இன்டர்லூக்கின்-13 சளியைக் கூட்டும். சுவர் வீங்கித் தடிக்கும். தசையை மட்டும் தளர்த்தி இதைச் சரிசெய்ய முடியாது.

இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஐஎல்சி2 என்ற செல், 2010 வாக்கில்தான் அடையாளம் தெரிந்தது. டிஎச்2 செய்யும் வேலையையே செய்யும், ஆனால் யாரும் அதற்குப் பாடம் எடுக்க வேண்டாம். சளிக்காய்ச்சல் கிருமியும் புகையும் உள்தோலைச் சீண்டினாலே விழித்துக்கொள்ளும். அடுத்தவர் நியூட்ரோஃபில், இன்னொரு வகை வெள்ளை அணு. சிகரெட் பிடிப்பவர்களிடமும், மெர்பேங்க் போலப் புகைக்குழாய்களுக்கு அடியில் வாழ்பவர்களிடமும், அடிக்கடி தொற்று வருபவர்களிடமும் இந்தக் கூட்டம் சேரலாம். பழுப்பு பம்பின் ஸ்டீராய்டு இதனிடம் அவ்வளவாக எடுபடாது. வடக்கே டோங்காட், வெருலம் பக்கம் அறுவடைக்குக் கரும்புச் சோகையைக் கொளுத்தும் மாதங்களில் எங்கள் கடைக்கு வரும் இருமல்களில் எது யாருடைய வேலை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதில் காசநோயும் ஒளிந்திருக்கலாம். இந்த நாட்டில் அந்தச் சோதனையைத் தாண்டாமல் எந்த நீண்ட இருமலையும் ஆஸ்துமா என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

| வழி | எட்டும் இடம் | வேகம் | பில்லில் வராதது |
|---|---|---|---|
| நீல பம்ப் | தசை மட்டும் | சில நிமிடம் | உள்ளே எரிவது தெரியாமல் போகும் |
| பழுப்பு பம்ப், தினமும் | ஈசினோஃபில், டி செல், உள்தோல் | நாள்கள், வாரங்கள் | வாய்ப்புண், தொண்டைக் கட்டு, மறதி |
| புடசோனைடு–ஃபார்மோட்டரால் | தசையும் ஈசினோஃபிலும் | சில நிமிடம் | பெயர்க் குழப்பம் |
| மாண்டிலூக்காஸ்ட் | லூக்கோட்ரையீன் பூட்டு | ஒரு நாள் | கெட்ட கனவு, மனநிலை மாற்றம் |
| ஒவ்வாமைப் பயிற்சி மருந்து | டி செல்லின் படிப்பு | மாதங்கள் | 3 வருடப் பொறுமை |
| உயிரியல் ஊசி | ஐஜிஇ அல்லது ஒரு சமிக்ஞை | வாரங்கள் | ஒப்புதல், சோதனை, தொடர் செலவு |

## நீல பம்ப் மட்டும்

சால்பியூட்டமால். மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசையைத் தளர்த்தும், நான்கு முதல் ஆறு மணி நேரம் நிற்கும். ஈசினோஃபில்களுக்கு இப்படி ஒரு மருந்து வந்துபோனதே தெரியாது. இரண்டாம் அலையை இது நிறுத்தாது. இதை மட்டும் தினமும் அடித்தால் மூச்சுக்குழாய் முன்னைவிடச் சுலபமாகச் சீண்டப்படும் நிலைக்குப் போகிறது.

உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழுவான ஜினா, 2019இல் இதைத் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வருடத்துக்கு மூன்று பம்ப் அல்லது அதற்கு மேல் என்றால் கடும் தாக்குதலுக்கான ஆபத்து கூடுகிறது. பன்னிரண்டு என்றால் உயிராபத்தே கூடுகிறது. நம் அண்ணன் அரை வருடத்திலேயே ஒன்பது. இங்கே இது சீட்டு இல்லாமல் கெமிஸ்ட்டில் கிடைப்பதுதான் சிக்கலின் வேர். டாக்டரைப் பார்க்காமலே மூன்று வருடம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அப்படியானால் தூக்கி எறியலாமா? கூடாது. திடீர்த் தாக்குதலில், பழுப்பு பம்பைத் தினமும் அடிப்பவருக்குத் துணையாக, ஓட்டப் பந்தயத்துக்கு முன் பிள்ளைக்கு, இதற்கு இடம் உண்டு. அதையும் ஸ்பேசர், அதாவது பம்புக்கும் வாய்க்கும் நடுவே பிடிக்கும் குழல், வைத்து அடியுங்கள். நேரே வாயில் அடித்தால் பாதிக்கு மேல் தொண்டையில்தான் படியும். ஸ்பேசர் வாங்கக் காசில்லையா, 500 மில்லி குளிர்பான பாட்டில் போதும். அதன் அடிப்பாகத்தில் பம்பின் வாய் அளவுக்குச் சூடான கம்பியால் ஓட்டை போட்டு, பம்பைச் செருகி, இடைவெளியைப் பசை போட்டு மூடி, பாட்டில் வாயில் உதட்டை வைத்து இழுக்க வேண்டியதுதான். இது கைவைத்தியம் இல்லை. கேப் டவுனில் ஹெதர் ஸாரும் உடன் பணியாற்றியவர்களும் பிள்ளைகளிடம் சோதித்து, கடை ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்கிறது என்று 1999இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். உலகத்துக்கு நம் நாடு கொடுத்த மலிவான நல்ல யோசனைகளில் இது ஒன்று என்பேன். பாட்டிலைப் பாத்திரம் கழுவும் சோப்பில் அலசித் துடைக்காமல் காயவிடுங்கள். துடைத்தால் மின்னூட்டம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

## பழுப்பு பம்ப், தினமும்

புடசோனைடு, பெக்ளோமெத்தசோன் மாதிரி இழுக்கும் ஸ்டீராய்டுகள். கம்பெனியைப் பொறுத்து நிறம் மாறலாம், சீட்டில் பெயரைப் பாருங்கள். ஸ்டீராய்டு செல்லுக்குள்ளேயே போய், அழற்சிச் சமிக்ஞைகளைச் செய்யும் மரபணுக்களை அடக்குகிறது. டிஎச்2வின் குரல் தாழும். அழைப்பு வராததால் ஈசினோஃபில்கள் வருவதும் குறையும், வந்தவையும் சீக்கிரம் சாகும். ஏற்கெனவே வெடித்துக்கொண்டிருக்கும் மாஸ்ட் செல்லை அந்த நிமிடத்தில் நிறுத்தும் சக்தி இதற்கு இல்லை. அதனால்தான் "அடிச்சேன், ஒண்ணும் ஆகலையே" என்று இரண்டாம் நாளே பம்பைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். இரண்டு வாரமாவது கொடுத்துப் பாருங்கள்.

மறைவான செலவு என்ன? வாயில் வெள்ளைப் பூஞ்சை, தொண்டைக் கட்டு. கோயிலில் தேவாரம் பாடும் ஒரு ஆயா, குரல் போய்விட்டது என்று கோபத்தோடு பம்பை நிறுத்திவிட்டார். அடித்தபின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னேன், ஸ்பேசரும் கொடுத்தேன். குரல் திரும்பியது. சின்னப் பிள்ளைகளிடம் வருடக்கணக்கில் பயன்படுத்தினால் இறுதி உயரம் சுமார் 1 செ.மீ. குறையலாம். அம்மாக்கள் இதைக் கேட்டுப் பயப்படுகிறார்கள், நியாயம்தான். ஆனால் அடக்காத ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் கெடுக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு மறதி. நன்றாக இருக்கும்போது மருந்து எதற்கு என்ற எண்ணம். நிறுத்தினால் சில வாரங்களில் ஈசினோஃபில் கூட்டம் திரும்பிவிடும். அந்த வாரங்களில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, அதுதான் ஏமாற்றும். காசு விஷயத்தில் ஒன்று: மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் கட்டாயம் ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் ஆஸ்துமாவும் இருக்கிறது. டாக்டரிடம் படிவம் நிரப்பிப் பதிவு செய்யாதவர்கள் தங்கள் சொந்தக் காசைக் கொட்டுகிறார்கள்.

வாரத்தில் பல நாள் இளைப்பு வருபவருக்கு, மூக்கு ஒழுகல், தோல் அரிப்பு என்று ஒவ்வாமைக் குடும்பத்தில் பிறந்தவருக்கு இது பொருந்தும். சிகரெட்டை விடாதவருக்குப் பலன் குறைவு.

## இரண்டும் ஒரே பம்பில்

என் கட்சி எது என்று கேட்டால் இதுதான், ஒளிக்கவில்லை. புடசோனைடும் ஃபார்மோட்டராலும் சேர்ந்தது. ஃபார்மோட்டரால் நீல பம்ப் அளவுக்கு வேகமாகத் தசையைத் தளர்த்தும், பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். இதன் அழகு மனித சுபாவத்தைக் கணக்கில் எடுத்ததில் இருக்கிறது. மனிதன் இளைக்கும்போது மட்டும்தான் பம்பைத் தேடுவான். சரி, தேடட்டும். தேடும் ஒவ்வொரு முறையும் ஈசினோஃபிலுக்கும் ஒரு அடி விழட்டும். 2018இல் வந்த சிக்மா ஆய்வுகளில், லேசான ஆஸ்துமாக்காரர்கள் இதைத் தேவைப்படும்போது மட்டும் அடித்தார்கள். தினமும் புடசோனைடு அடித்தவர்களுக்கு வந்த அளவுதான் இவர்களுக்கும் கடும் தாக்குதல் வந்தது. உள்ளே போன ஸ்டீராய்டோ நாலில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு. அன்றாட அறிகுறிகளை அடக்குவதில் மட்டும் தினசரிப் பம்ப் கொஞ்சம் முன்னே நின்றது.

பெயர்க் குழப்பம் என்று அட்டவணையில் போட்டேனே, அது இது: கலப்பு பம்ப் எல்லாம் ஒன்றல்ல. சால்மெட்டரால் கலந்த பம்பும் உண்டு, அது மெதுவாக வேலை செய்யும். அவசரத்துக்கு அதை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஆபத்து. பெட்டியில் ஃபார்மோட்டரால் என்று இருக்கிறதா என்று என்னைப் போன்ற யாரையாவது கேளுங்கள்.

## மாத்திரைகள்

மாண்டிலூக்காஸ்ட், மாஸ்ட் செல்லும் ஈசினோஃபிலும் விடும் லூக்கோட்ரையீன் போய்ச் சேரும் பூட்டை அடைத்துவிடும். பம்ப் பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு, ஓடினால் இளைப்பவருக்கு, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவருக்கு உதவும். பொதுவாகப் பழுப்பு பம்பைவிடப் பலம் குறைவு. பிள்ளை இரவில் அலறி எழுந்தாலோ காரணமில்லாமல் சிடுசிடுத்தாலோ மாத்திரையைச் சந்தேகப்படுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கை போட்டது.

விழுங்கும் ஸ்டீராய்டான ப்ரெட்னிசோனை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, ஆனால் வருடம் மூன்று நான்கு முறை ஐந்து நாள் கோர்ஸ் எடுப்பவர் அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். கடும் தாக்குதலில் உயிர் காக்கும், மறுக்கவில்லை. சர்க்கரையை ஏற்றும், எலும்பைக் கரைக்கும். நம் ஆட்களிடம் சர்க்கரை சும்மாவே அதிகம்.

## ஒவ்வாமைப் பயிற்சி மருந்து

1911இல் லண்டனில் லெனார்ட் நூன் புல் மகரந்தச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசி போட்டுத் தொடங்கிய வழி. இன்று நாக்கடியில் வைக்கும் சொட்டாகவும் மாத்திரையாகவும் உண்டு. மற்ற மருந்துகள் எல்லாம் டி செல் கற்ற பாடத்தின் விளைவுகளோடு மல்லுக்கட்டுகின்றன. இது பாடத்தையே மாற்றப் பார்க்கிறது. அடக்கி வைக்கும் ஒழுங்காற்று டி செல்கள் பெருகும், ஐஜிஇக்குக் குறுக்கே நிற்கும் ஐஜிஜி4 என்ற எதிர்ப்பொருள் உருவாகும். மூன்று வருடம் ஒழுங்காக எடுத்தால் நிறுத்தியபின்னும் பலன் கொஞ்ச காலம் நிற்கும்.

ஆஸ்துமா அடங்காமல் இருக்கும்போது தொடங்கக் கூடாது, உடம்பு முழுக்க ஒவ்வாமை வெடிக்கலாம். முதல் அளவை டாக்டர் கண்முன்தான் எடுக்க வேண்டும். இன்னொரு சங்கதி நம் ஊருக்கே உரியது. பெர்முடா புல் என்று சோதனைச் சீட்டில் வருவது வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகம்புல்தான். ஐரோப்பாவின் குளிர்நாட்டுப் புல்களின் மகரந்தமும் இதன் மகரந்தமும் உடம்புக்கு ஒன்றாகத் தெரிவதில்லை. அந்தப் புல்களை வைத்துச் செய்த மருந்தை அறுகம்புல் ஒவ்வாமைக்கு எடுத்தால் மூன்று வருடமும் காசும் வீண். உங்கள் சீட்டில் இருக்கும் பெயரும் மருந்தில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

## உயிரியல் ஊசி

ஒற்றைச் சமிக்ஞையைக் குறிவைத்து அடிக்கும் வகை. 2003இல் வந்த ஓமலிசுமாப், சுற்றித் திரியும் ஐஜிஇயைப் பிடித்துக்கொண்டு மாஸ்ட் செல்லிடம் போகவிடாது. மெப்போலிசுமாப், ஈசினோஃபிலை அழைக்கும் இன்டர்லூக்கின்-5ஐப் பிடிக்கும். பென்ராலிசுமாப், ஈசினோஃபிலையே கொல்ல ஆள் அனுப்பும். டுப்பிலுமாப், இன்டர்லூக்கின்-4, 13 இரண்டுக்குமான கதவை அடைக்கும். 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெசெப்பெலுமாப், எல்லாவற்றுக்கும் மேலே, உள்தோல் போடும் முதல் சத்தத்தையே அடக்கும்.

இவற்றில் மெப்போலிசுமாபின் கதை ஒரு பாடம். 2000இல் லான்செட்டில் வந்த சின்ன ஆய்வில் ஈசினோஃபில் சட்டென்று விழுந்தது, ஆனால் மூச்சில் முன்னேற்றம் இல்லை. மருந்து தோற்றது என்று பலர் ஒதுக்கினார்கள். 2009இல், சளியில் ஈசினோஃபில் நிறைந்த, திரும்பத் திரும்பத் தாக்குதல் வருபவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துச் செய்த ஆய்வுகளில் தாக்குதல்கள் தெளிவாகக் குறைந்தன. மருந்து அதேதான், சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தது.

அதனால் ஊசிக்கு முன் ரத்தத்தில் ஈசினோஃபில் எண்ணிக்கை பார்ப்பார்கள். மைக்ரோலிட்டருக்கு 300க்கு மேல் என்றால் ஆள் பெரும்பாலும் பொருத்தம், 150க்குக் கீழே என்றால் யோசிக்க வேண்டும். இங்கே இரண்டு பொறி. ப்ரெட்னிசோன் எடுத்த வாரத்தில் ரத்தம் கொடுத்தால் ஈசினோஃபில் விழுந்து கிடக்கும், தகுதியான ஆளே தகுதி இழப்பார். குடற்புழுவோ, ஆற்றுத் தண்ணீரில் தொற்றும் பில்ஹார்சியா புழுவோ இருந்தால் தலைகீழாக, ஆஸ்துமாவுக்குச் சம்பந்தமில்லாமல் எண்ணிக்கையும் ஐஜிஇயும் ஏறும். நம் மாகாணமான குவாசுலு-நட்டாலில் ஆற்றில் குளித்து வளர்ந்தவர்கள் இதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஊசி மாதம் பல ஆயிரம் ராண்ட். மெடிக்கல் எய்ட் ஒப்புதலுக்குக் கடிதம் மேல் கடிதம் போகும், நிறுத்தினால் பலரிடம் பழைய நிலை திரும்பும். பம்பை ஒழுங்காகப் பிடித்து, தினமும் அடித்து, அப்படியும் வருடத்தில் இரண்டு முறை ப்ரெட்னிசோன் தேவைப்படுபவருக்கு இது வரப்பிரசாதம். பம்பைச் சரியாகப் பிடிக்காதவருக்கு வீண். கவுண்டரில் அடித்துக் காட்டச் சொன்னால் பாதிப்பேர் மூச்சை வெளியே விடும் நேரத்தில் அமுக்குகிறார்கள்.

## லெனேசியாவுக்குக் குடிபோனால்?

அண்ணனும் அப்படித்தான் அமுக்கினார். பம்பை ஆட்டவும் இல்லை. ஊசிப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு ஃபார்மோட்டரால் கலந்த பம்புக்கு டாக்டரிடம் சீட்டு மாற்றி வாங்கி வந்தார், கூடவே எது ஒவ்வாது என்று பார்க்கும் தோல் சோதனைக்கும் போனார்.

மகன் சொன்னதில் உண்மை உண்டு. ஜோபர்க் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1700 மீட்டர் உயரம், காற்று காய்ந்தது, தூசிப் பூச்சி பிழைப்பது கஷ்டம். பூச்சிதான் எதிரி என்றால் அங்கே போனவருக்கு நிம்மதி கிடைக்கலாம். டி செல்லின் ஞாபகம் மட்டும் பெட்டி படுக்கையோடு கூடவே வரும்.

சோதனைச் சீட்டை நேற்றுக் கொண்டுவந்து காட்டினார். தூசிப் பூச்சிக்குச் சின்னத் தடிப்பு, அறுகம்புல்லுக்குப் பெரிய தடிப்பு. ஜோபர்க் பக்கம் கோடை மழைக்காலம் முழுக்கப் புல் மகரந்தம் பறக்கும். மகன் வீட்டு வாசலில் என்ன புல் என்று கேட்டேன். போனில் படம் வரவழைத்துக் காட்டினார். பச்சைப் பசேல் என்று, பூ விட்டிருந்தது.